செவ்வாய் காப்பு, புதன் பார்க்

அத்தியாயம் 9

தமுக்குச் சத்தம் கேட்டபோது பரிமளா பிள்ளைகளின் நைலான் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் எங்கே? நெல் மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

"இதனால சகல சனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, இன்னைக்குப் பொழுது சாய நம்ம மாரியம்மனுக்குக் காப்புக்கட்டு! காப்புக் கட்டுன பொறகு ஊர்ச்சனம் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கப்படாது! பச்சை மரம் வெட்டப்படாது!"

தமுக்கு தெற்குத் தெருவுக்குத் திரும்பியது. பரிமளா பெருமூச்சு விட்டு, மகிழினியின் மஞ்சள் நீச்சல் உடையைப் பையின் அடியில் திணித்தாள். நேற்று அதைத் தெரியாத்தனமாகக் கொடியில் காயப்போட்டுவிட்டாள். மாமனார் நல்லதம்பி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதென்னாத்தா, மழைக்கோட்டா? வெயில் இந்தக் காய்ச்சு காய்ச்சுது!" என்று கேட்டார். "ஸ்கூல்ல கேட்டாங்க மாமா" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தாள். பள்ளிக்கூடம் லீவு விட்டு இரண்டு வாரம் ஆகிறது என்பது அவருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

சொந்த வீட்டில் சொந்தப் பிள்ளைகளின் துணியை ஒருத்தி ஒளித்து மடிக்கிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமல்லவா? போன வாரம் படித்தவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பரிமளாவின் கணவன் குணசேகரன் கத்தாரில் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருஷம் கழித்து லீவில் ஊருக்கு வந்திருக்கிறான். மூத்தவன் சந்தோஷ், எட்டு வயது, விமான நிலையத்திலேயே அப்பாவின் இடுப்பைப் பிடித்தவன் இன்னும் விடவில்லை. சங்கடமெல்லாம் சின்னவள் மகிழினியிடம்தான். அப்பா விமானம் ஏறியபோது அவள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். இப்போது நாலரை வயது. அவளுக்கு அப்பா என்றால் போனில் இருக்கிறவர். சாப்பிட்டாயா என்று கேட்பவர், குரங்கு மாதிரி முகத்தைச் சுளித்துக் காட்டுபவர், கையகலக் கண்ணாடிக்குள் இருக்கிற அப்பா. பெட்டியோடு வந்து வீட்டில் தங்கியிருக்கிற இந்த உயரமான மீசைக்காரர் வேறு யாரோ.

"அம்மா, அவங்க எப்பம்மா போவாங்க?" என்று வந்த மூன்றாம் நாள் கேட்டாள். குணசேகரன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று முதல் அவன் ஒரு காரியம் செய்கிறான். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். தினம் சாயங்காலம் கொல்லையில் இருக்கிற மாட்டுக்கொட்டகைக்குப் போய், வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டு, முன்கூடத்தில் இருக்கிற மகளுக்கு வீடியோ கால் போடுகிறான். அவளும் பரிமளாவின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிறாள்.

"அப்பா, எங்க வீட்டுல ஒருத்தவங்க வந்திருக்காங்க. சாக்லேட் குடுத்தாங்க. நான் வாங்கலையே!"

"வாங்கிக்கடா. நல்லவங்கதான்" என்று குணசேகரன் தனக்குத்தானே சிபாரிசு செய்துகொண்டான்.

அவனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. சென்னைப் பக்கம் இருக்கிற பெரிய பார்க். ராட்டினம், குட்டி ரயில், தண்ணீர்ச் சறுக்கு, அலை அடிக்கிற குளம். கத்தாரில் வெள்ளிக்கிழமை தோறும் ரூமில் படுத்துக்கொண்டு அதன் வீடியோக்களை அலுக்காமல் பார்த்திருக்கிறான். காலையில் வெயில் ஏறுமுன் குட்டி ரயில், அப்புறம் படகு, மத்தியானம் மகிழினி கொஞ்சம் தூங்க நிழல், சாயங்காலம் தண்ணீர். எல்லாம் மனதுக்குள் போட்டு வைத்த திட்டம். அதில் ஒரு வீடியோவில், ராட்டினத்துக்கு முன்னால் இருந்த பலகையில் அவன் படித்தான்: சிறு குழந்தைகள் பெரியவர் ஒருவருடன் சேர்ந்தே உட்கார வேண்டும்.

அந்த விதியைத்தான் அவன் நம்பியிருந்தான். பரிமளாவுக்குத் தலைசுற்றும், ராட்டினம் ஏற மாட்டாள். அப்படியானால் மகிழினி யாரோடு உட்காருவாள்? இவன் மடியில்தானே? ஒரே ஒரு சுற்று போதும். லீவு முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. இந்தத் தடவை அவள் பழகாமல் போனால், அடுத்த தடவை வரும்போது அவளுக்கு ஏழோ எட்டோ வயது ஆகியிருக்கும்.

சரி, இதை ஏன் மாமனாரிடம் மறைக்க வேண்டும்? அவர் தடுப்பார் என்றா? அடடா, தடுத்தால்கூடப் பரவாயில்லையே! வேன் பிடித்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் இவர்கள் இரண்டு பேரும் கொடைக்கானல் போவதாகச் சொன்னதும் நல்லதம்பி ஆனந்தமாகி, கீரமங்கலத்தில் ஒரு வேன் பேசி, தங்கை குடும்பம், மச்சினன் குடும்பம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரையும் ஏற்றி, புளியோதரை அண்டாவை நடுவில் வைத்து, முன்சீட்டில் தான் உட்கார்ந்துகொண்டார். தேனிலவுக்குப் போன பரிமளா மூன்று நாளும் பெரியத்தைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஆகவே இந்த முறை, "அரிமளத்துல எங்கம்மா வீட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டு வாரோம்" என்று சொல்லிக் கிளம்புவதாக ஏற்பாடு. செவ்வாய் ராத்திரி புதுக்கோட்டையில் ரயில், புதன்கிழமை பார்க்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்குப் போய்வந்த நல்லதம்பி, "செவ்வாக்கிழமை காப்பு!" என்று குண்டைப் போடும் வரை.

மேலச்செங்காட்டில் வழக்கமாக வைகாசிக் கடைசியில்தான் காப்புக் கட்டுவார்கள். இந்த வருஷம் சித்திரையிலேயே ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியும் உள்ளறையில் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்களுக்குத்தானே கட்டுப்பாடு? பொழுது சாய்வதற்குள் எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டால் அம்மனும் கோபிக்க மாட்டாள், ரயிலும் கிடைக்கும்.

இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் மாமனாரிடம் அரிமளம் கதையைச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

* * *

"டேய் குணா! இங்கிட்டு வா!"

நல்லதம்பி கோயில் வேலையிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்தார். ஊரில் நாலு கரை, அதாவது நாலு பிரிவு, கரைக்கு ஒரு பெரியவர். தெற்குக் கரைக்கு அவர்தான். காப்பு அன்று அம்மன் முன்னால் நாலு பெரியவர்களும் நிற்க, பூசாரி முதல் திருநீறு கொடுப்பார். பெரியவருக்குப் பக்கத்தில் அவர் வீட்டு மூத்த மகன் நிற்பது வழக்கம்.

அவர் கக்கத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அகலச் சரிகைக் கரை போட்ட வேட்டி.

"இது எதுக்குப்பா?" என்றான் குணசேகரன்.

"சாயங்காலம் கட்டிக்கிறதுக்குத்தான். போன மூணு வருசமும் எம் பக்கத்துல ஆளில்லாம நின்னேன். இன்னைக்கு நீ நில்லு. ஜீன்ஸ் கீன்ஸ் மாட்டிக்கிட்டு வந்து மானத்த வாங்காத!"

சொல்லிவிட்டுத் தோரணம் கட்ட நேரமாகிறது என்று திரும்பவும் ஓடினார். அறுபத்தைந்து வயதில் அந்த மனுஷர் நடந்து போனதாகவே தெரியவில்லை, ஓட்டம்தான்.

பந்தலுக்கு ஏணி வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் சேவுகன், வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"ம்... ஒங்கப்பன் நெனச்சதச் சாதிச்சுப்புட்டான்."

"என்ன சித்தப்பா?"

"ஒனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழமை கூட்டத்துல தனி ஆளா நின்னு சண்ட போட்டான்ப்பா. வைகாசியில மழை வரும், தேரு சேத்துல மாட்டும், புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொறந்துரும்னு என்னென்னமோ சொன்னான். யாரும் ஒத்துக்கல. கடைசியில, 'எம் மகன் லீவு முடிஞ்சு போயிருவான்யா, அவன் தேரு பாத்து வருசமாச்சுய்யா'ன்னான். அதுக்கு மேல யாரு பேசுவா? சரி, நல்லதம்பிக்காக முன்னாடி வச்சுக்குவோம்னு எழுந்துட்டாங்க. ஏணி எங்கப்பா இருக்கு?"

குணசேகரன் கையைக் காட்டினான்.

* * *

"கேன்சல் பண்ணிடுறேன்" என்றான் உள்ளறைக்கு வந்து.

பரிமளா பையின் ஜிப்பைப் பாதி இழுத்திருந்தாள். "என்னங்க சொல்றீங்க?"

அவன் சேவுகன் சொன்னதைச் சொன்னான். "எனக்காக ஊர்த் தேதியையே மாத்தியிருக்காரு. நான் அவருகிட்டப் பொய் சொல்லிட்டு, காப்புக்கு மூணு மணி நேரம் முன்னால பையத் தூக்கிட்டு ஓடவா? பக்கத்துல ஆளில்லாம நின்னேன்னு சொன்னாரு பரிமளா. எனக்கு மூஞ்சியப் பாக்க முடியல."

"அப்ப மகி?"

அவன் நெல் மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"சந்தோஷைச் சமாளிச்சுரலாம். அவன் பம்புசெட்டுத் தொட்டியில குதிச்சே சந்தோசமா இருப்பான். மகிகிட்ட என்ன சொல்லுவீங்க? ஒரு மாசமா அந்தக் குட்டி ரயிலப் பத்தித்தான் தூக்கத்துலகூடப் பேசுறா."

"போன்ல சொல்றேன்."

"நேர்ல சொல்லுங்களேன்."

"நேர்ல சொன்னா ஓடிப்போயி ஒம் பின்னாடி ஒளிஞ்சுக்குவா" என்றான் குணசேகரன். "போன்ல இருக்கிறவன்தானே அவளுக்கு அப்பா? அவனே சொல்லட்டும்."

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான்.

பரிமளாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று யோசித்துப் பார்த்தாள். கணவன் மேல் இல்லை. மாமனார் மேல் எப்படி வரும்? எல்லாப் பொய்க்கும் யோசனை சொன்னவள் அவள்தான். அரிமளம் கதையும் அவளுடையது, மழைக்கோட்டுக்குப் பதிலும் அவளுடையது. கொடைக்கானல் கோபத்தை ஒன்பது வருஷமாக உள்ளே வைத்துக்கொண்டு, நல்ல மனுஷரிடம் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லாமல் ஒளித்து விளையாடியதும் அவள்தான்.

மகிழினியிடம் போனைக் கொடுத்துக் கூடத்தில் உட்காரவைத்தாள். "அப்பா பேசுவாங்க. பேசிட்டு இரு. அம்மா கோயிலுக்குப் பூக் குடுத்துட்டு வந்துடுறேன்."

காலையில் வீட்டுக் கொல்லையில் பறித்த மல்லிகைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

நல்லதம்பி கோயில் வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத்தா."

"நாங்க ஒங்களுக்குத் தெரியாம இன்னைக்கு ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கோம். மெட்ராஸுக்கு. புள்ளைகளப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போக."

நல்லதம்பியின் கை நின்றது.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே போட்டது மாமா. காப்பு இன்னைக்குன்னு அப்பத் தெரியாது. அரிமளம் போறோம்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டுப் போறதா இருந்தோம். அது பொய். கொடியில தொங்குனது மழைக்கோட்டு இல்ல, தண்ணிக்குள்ள எறங்குறப்பப் போடுற துணி. ஸ்கூல்ல கேட்டாங்கன்னு சொன்னேன், அதுவும் பொய். இப்ப நீங்க அவங்களுக்காகத்தான் தேதிய மாத்துனீங்கன்னு தெரிஞ்சதும் அவங்க கேன்சல் பண்றேன்னுட்டாங்க."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அப்பாடா என்றிருந்தது. இனி அவர் திட்டினாலும் சரி.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார் நல்லதம்பி. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

"சொன்னா வேன் புடிப்பீங்க மாமா."

"வேனா?"

"கொடைக்கானல் போனப்பப் புடிச்சீங்களே."

"அது நல்லாத்தானே இருந்துச்சு?" நல்லதம்பி உண்மையாகவே திகைத்துப் போனார். "எல்லாரும் இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்களே!"

"எல்லாருக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் ஒங்க மகன்கிட்டத் தனியா ஒரு வார்த்தை பேசல மாமா. அண்டாவக் கழுவவே நேரம் சரியாப் போச்சு."

நல்லதம்பி, பக்கத்தில் ஏணி மேல் நின்ற சேவுகனைப் பார்த்தார். சேவுகன் வெகு அக்கறையாகப் பந்தல் முடிச்சை ஆராய்ந்தார்.

"பார்க்கு கெடக்கட்டும் மாமா. மகி அவங்ககிட்டப் போகவே மாட்டேங்குறா. அங்க போனா ராட்டினத்துல மடியில உக்காருவா, அப்படியாச்சும் ஒட்டிக்குவான்னு அவங்க நம்பிக்கிட்டு இருந்தாங்க. லீவு முடியப்போவுது."

"புள்ள இன்னும் பழகலையா? ஒரு வாரத்துல பழகிரும்னுல்ல நெனச்சேன்!"

"தெனம் மாட்டுக்கொட்டகையில நின்னுக்கிட்டு அவளுக்குப் போன் போட்டுப் பேசுறாங்க மாமா. இப்பவும் அங்கதான் இருக்காங்க."

நல்லதம்பி தோரணத்தைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். பரிமளா கூடையைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, பின்னால் ஓடினாள்.

* * *

அதே நேரம் கொட்டகையில் குணசேகரன் போனைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தான்.

"மகிக்குட்டி, அப்பா ஒண்ணு சொல்லுவேனாம், நீ அழக் கூடாதாம். குட்டி ரயிலுக்கு நாளைக்குப் போக முடியலடா."

மகிழினியின் முகம் திரை முழுக்க வந்தது. "ஏன்?"

"தாத்தாகூட நான் சாமி கும்பிடணும்."

"நீதான் கத்தார்ல இருக்கியே! நீ எப்படித் தாத்தாகூடச் சாமி கும்புடுவ?"

இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் கன்றுக்குட்டி கத்தியது. வழக்கமாகப் பகல் முழுக்க அது தாய்ப்பசுவோடு வயலில் கட்டிக்கிடக்கும். இன்று எல்லோரும் கோயில் வேலையில் இருந்ததால் பசுவை மட்டும் வயலில் கட்டிவிட்டு, கன்றைக் கொட்டகையிலேயே விட்டிருந்தார்கள். தாயைக் காணாமல், கழுத்து மணி குலுங்க, அடிவயிற்றிலிருந்து "ம்மா" என்றது.

மகிழினி போனைக் காதில் வைத்தாள். போனுக்குள் கன்றுக்குட்டி கத்தியது. போனைத் தள்ளிப் பிடித்தாள். கொல்லையிலும் கத்தியது.

"அப்பா, ஒங்க கத்தார்லயும் எங்க கன்னுக்குட்டி இருக்கா?"

குணசேகரனால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷம், ரூமில் தனியாகச் சாப்பிட்ட சோறு, வீடியோவில் பார்த்த அவள் முதல் நாள் பள்ளிக்கூடம், எல்லாம் சேர்ந்துகொண்டன. அழுதுவிட்டான். போனைத் திருப்பக்கூடத் தோன்றவில்லை.

"அப்பா, ஏன் அழுவுற? அப்பா!"

அவள் திரையைத் துடைத்தாள். அவன் பக்கம் ஒரு சின்ன உள்ளங்கை பெரிதாகத் தெரிந்து மறைந்தது. பிறகு கூடத்துக் கூரை ஆடியது. தாழ்வாரம் ஆடியது. துவைகல், வாழைமரம், வானம். அவள் போனைப் பிடித்துக்கொண்டு எங்கோ நடந்துகொண்டிருந்தாள். கன்று மறுபடி கத்தியது.

வைக்கோல் போரைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள்.

குணசேகரன் அப்படியே நின்றான். அசைந்தால் ஓடிவிடுவாளோ என்று பயம். அவள் அவனைப் பார்த்தாள், கையில் இருந்த போனைப் பார்த்தாள். போனில் அழுகிறவனுக்கும் அதே நீலச் சட்டை. அவள் கிட்டே வந்தாள். அவன் மெல்ல மண்டியிட்டு உட்கார்ந்தான்.

மகிழினி முதலில் திரையில் இருந்த முகத்தின் கன்னத்தைத் தொட்டு, தன் விரலைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி எதிரில் இருந்த கன்னத்தைத் தொட்டாள். மறுபடி விரலைப் பார்த்தாள்.

"இங்கதான் ஈரமா இருக்கு" என்றாள்.

தன் கவுன் நுனியைத் தூக்கி அவன் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் துடைத்தாள், பரிமளா அவளுக்கு மூக்குத் துடைத்துவிடுவது போலவே. அவன் மீசையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு, அது தனக்கு எப்போதும் உள்ள இடம் என்பது போல, அவன் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"கன்னுக்குட்டி ஏன் கத்துது?"

"அதோட அம்மாவத் தேடுது."

"வந்துரும்னு சொல்லு."

"வந்துரும்டா" என்றான் குணசேகரன்.

கொட்டகை வாசலில் நல்லதம்பி வந்து நின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த பரிமளா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதமாக அவள் அம்மனிடம் கேட்டதெல்லாம் இது ஒன்றைத்தான்.

குணசேகரன் அப்பாவைப் பார்த்தான். "அப்பா, நான்..."

"பேசாதடா! என்னாத்தா பரிமளா, மணி என்ன?"

"நாலே முக்கால் ஆகப்போவுது மாமா."

"பொழுது சாயக் காப்பு. இங்க ஒக்காந்து கதை பேசிக்கிட்டு இருக்கீங்க! கெளம்புங்க!"

"காப்புக்கு ஒங்க பக்கத்துல நிக்கணும்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். அடுத்த செவ்வா தேரு. தேதிய முன்னாடி இழுத்ததே நீ தேரு பாக்கணும்னுதாண்டா. காப்புக்குச் சேவுகன் நிக்கட்டும், தேருக்கு நீ நில்லு. எல்லைய முன்னாடியே தாண்டுனவனுக்குக் கட்டுப்பாடு கெடையாது. வியாழக்கெழமை ஊருக்குள்ள வந்துட்டீங்கன்னா தேரு நெலைக்கு வார வரைக்கும் ஒரு பய நகரக் கூடாது, ஆமா!"

அவ்வளவுதான் விஷயம். இரண்டு நாளாகத் தூங்காமல், உள்ளறையில் குசுகுசுவென்று பேசியதெல்லாம் இந்த ஒரு பேச்சில் தீர்ந்தது. பரிமளாவுக்குச் சிரிப்பாகவும் வெட்கமாகவும் இருந்தது.

"மாமா, நீங்களும்..." என்று தொடங்கினாள்.

"நான் எங்கிட்டு வாரது? காப்பு யாரு கட்டுறது?" என்றார் நல்லதம்பி. அப்புறம் கொஞ்சம் முறைப்பாக, "வேனும் புடிக்கல, ஒண்ணும் புடிக்கல. நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றார்.

அதற்கப்புறம் வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சந்தோஷ் பம்புசெட்டுத் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட ஓடிவந்தான். ஒரு செருப்பைக் காணோம். பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு விட மாட்டார்கள் என்று பரிமளா எடுத்து வெளியே வைத்த முறுக்கை நல்லதம்பி மறுபடி மறுபடி பைக்குள் வைத்தார். "ரயில்ல திங்கட்டும்" என்றார். நெல் அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. கீரமங்கலத்திலிருந்து கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தது.

இந்த அமளியில், நல்லதம்பி போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் ஒதுங்கியதையும், குரலைத் தாழ்த்தி யாரிடமோ நாலு வார்த்தை பேசியதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

* * *

எல்லைக் கல்லைக் கார் தாண்டியபோது வெயில் இன்னும் இருந்தது. குணசேகரன் திரும்பி ஊர்ப் பக்கம் பார்த்துக் கும்பிட்டான். சற்று நேரத்தில் தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது.

"தப்பிச்சோம்!" என்று கத்தினான் சந்தோஷ்.

பரிமளா சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினாள். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. உடம்பே லேசாகிவிட்டது போல் இருந்தது. ஆலங்குடி தாண்டும் வரை அப்படியே இருந்தாள்.

அவள் போன் அடித்தது. நாத்தனார் திலகவதி. குணசேகரனின் தங்கை, புதுக்கோட்டையில் குடியிருக்கிறாள்.

"அண்ணி, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?"

"ஆலங்குடி தாண்டிட்டோம். ஏன் திலகா?"

"நாங்க ஸ்டேஷனுக்கு வந்துட்டோம். அப்பா சாயங்காலம் போன் போட்டுச் சொன்னாங்க. புள்ளைக ரெண்டும் ஒரே குதி. நம்ம சின்னத்தை வீட்டுலயும் கெளம்பி வந்துக்கிட்டு இருக்காங்க. நீங்க எந்தப் பெட்டி அண்ணி? கவலப்படாதீங்க, புளியோதரை எல்லாருக்கும் கட்டியாச்சு!"

பரிமளா மெல்லப் போனை வைத்தாள். வேன் பிடிக்க மாட்டேன் என்றுதானே சொன்னார்? பிடிக்கவில்லை. அந்த வாக்கை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றிவிட்டார்.

"யாரு?" என்றான் குணசேகரன். முன்சீட்டில் இருந்தவன் எப்போதோ பின்சீட்டுக்கு மாறியிருந்தான். மகிழினி அவன் மடியில் இருந்தாள். அவன் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தாள் பரிமளா. ஸ்டேஷன் வரும்வரையாவது அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

"திலகா. சும்மாதான்" என்றாள். ஆக, மிச்சமில்லை என்று நினைத்த இடத்தில் இன்னும் ஒரு பொய் இருந்திருக்கிறது.

"அம்மா, போன் குடு" என்று மகிழினி கையை நீட்டினாள். பழகிய விரல், நேராகப் போய் அப்பாவின் படத்தை அமுக்கியது. குணசேகரனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் ஒரு கணம் தயங்கினான். மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விட்டாளோ? எடுத்தான். இரண்டு போனிலும் இரண்டு முகம்.

"என்னடா மகிக்குட்டி?" என்றான் போனைப் பார்த்து.

மகிழினி திரையில் இருந்தவனைச் சற்று நேரம் பார்த்தாள்.

"நீ போன வச்சுரு" என்றாள் அவனிடம். "நான் எங்கப்பா மடியில இருக்கேன்."